ஒண்ணு மட்டும் சொல்ல மாட்டனுங்க

அடுத்து எங்கே போய் ஆடலாம் என்று யாராவது கேட்டால், அவர் முதலில் காபி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைப்பார். பிறகு விரலைத் தண்ணீரில் தொட்டு மேசைமேல் கோடு போடத் தொடங்குவார். இங்கே முதல் குழி. இங்கே ஒரு வளைவு. இந்த வேப்பமரத்துக்கு இடப்பக்கமாக அடித்தால் பந்து தானாக உருண்டு கொடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஊட்டி, கொடைக்கானல், மைசூர், பெங்களூரு என்று அவர் ஆடிய கோல்ஃப் மைதானங்கள் எல்லாம் அந்த மேசைமேல் ஈரக் கோடுகளாக வந்து காய்ந்து போகும். தங்க எந்த அறை நல்லது, எந்தக் கடையில் சாப்பிடலாம், புல் எந்த மாதத்தில் நன்றாக இருக்கும், எல்லாம் சொல்வார். சொல்லி முடித்து விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே கடைசியாக ஒரு வார்த்தை.

"ஒண்ணு மட்டும் சொல்ல மாட்டனுங்க. அத நீங்க போய்ப் பாத்துப்போட்டு வந்து எனக்குச் சொல்லோணும்."

கோயம்புத்தூருக்கு வெளியே இருந்த அந்த கிளப்பின் அலுவலகத்தில் நான் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பி.காம். முடித்ததும் கிடைத்த முதல் வேலை. என் மேசைக்கு எதிரே இருந்த ஜன்னல் வராந்தாவைப் பார்த்தபடி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து வருகிற மெம்பர்கள் அந்த வராந்தாவில் உட்கார்ந்து இட்லியோ சந்தகையோ சாப்பிட்டுக்கொண்டு, போன வாரம் எங்கே ஆடினார்கள், எந்தக் குழியில் மானம் போனது என்று பேசுவார்கள். வேண்டாம் என்றாலும் எல்லாம் என் காதில் விழும்.

என் அப்பா அதே கிளப்பில் மெம்பர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற வேலையில் பல காலமாக இருந்தார். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் உள்ள 'கேடி' என்ற பெயரைச் சொன்னால் ஊரில் போக்கிரி என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதால், "பேக் எடுக்கறனுங்க" என்றுதான் சொல்வார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவள் நான்தான். ஜன்னலுக்கு வெளியே அப்பா வெயிலில் நிற்க, உள்ளே நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு இருந்த பெருமையை நான் ஒளித்து வைத்ததில்லை.

மேசைமேல் கோடு போடுகிற அந்த மெம்பரை எனக்குப் பிடித்துப்போனதும் அந்தப் பெருமையால்தான். மற்ற மெம்பர்கள் அப்பாவை "ஏப்பா, இங்க வா" என்பார்கள். அவர் மட்டும் "வாங்க, போலாமுங்களா?" என்று கேட்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஜன்னலுக்கு வந்து, ரசீதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அவரு பொண்ணுங்களா நீங்க? நெம்ப சந்தோசமுங்க அம்மணி. உங்கப்பாரு குடுத்து வெச்சவரு" என்றார். மில்களுக்கு உதிரி பாகங்கள் செய்யும் தொழில். அறுபதை ஒட்டிய வயது. மெலிந்த உடம்பு, வெளுத்த தொப்பி, சுத்தமான நகம். ஆட்டம் சுமார்தான். ஆனால் பந்து தண்ணீரில் விழுந்தால்கூட மட்டையை வீசி எறிய மாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

அவர் சொன்ன இடத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள் நேராக அவர் மேசைக்குத்தான் வருவார்கள். மோட்டார் பம்ப் கம்பெனி வைத்திருந்த ஒருவர் ஒருமுறை வராந்தா ஏறும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, நீங்க நல்லா இருப்பீங்களா? அந்த மணல் மேட்டுக்குப் பின்னால ஒரு கொளம் இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?"

அவர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "அப்பிடியே மொதல்ல இருந்து சொல்லுங்க. மொதல்ல யாரு பாத்தது? பாத்தப்ப மொகம் எப்பிடி ஆச்சு?"

பம்ப் கம்பெனிக்காரர் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர்கள் மூடுகிற மாதிரி. கடைசியில் மேசையே சிரிக்கும். ஜன்னலுக்குள் நானும் சிரிப்பேன்.

இது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அவர் சொல்லாமல் விடுகிற அந்த ஒன்று என்ன என்று முன்கூட்டிக் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் டிபன் கேட்டவர்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். தொழிலில் ஒரு ஆணி வாங்குவதற்கும் பத்து கேள்வி கேட்கிற மனிதர்கள், இந்த ஒரு விஷயத்தில் கேட்காமல் போவதைக் கௌரவமாக வைத்திருந்தார்கள். கண்களுக்கு ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். "கேட்டுட்டுப் போனா அது சுற்றுலாங்க. கேக்காமப் போனாத்தான் ஆட்டம்" என்பார்.

எனக்கும் ஒருமுறை இடம் சொன்னார். வங்கித் தேர்வுக்குப் படிக்க நல்ல வகுப்பு எது என்று நான் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்திருக்க வேண்டும். காந்திபுரத்தில் ஒரு வகுப்பைச் சொன்னார். எந்த டவுன் பஸ், எங்கே இறங்க வேண்டும், கணக்கு எடுப்பவர் எவ்வளவு கெட்டிக்காரர், எல்லாம். பிறகு அதே சிரிப்பு. "ஒண்ணு மட்டும் சொல்ல மாட்டனுங்க அம்மணி."

வகுப்பு நல்ல வகுப்புதான். ஆனால் மாடிப்படி ஒரு லாட்ஜின் பாருக்கு உள்ளே இருந்தது. குடித்துக்கொண்டிருக்கும் ஆண்களின் மேசைகளுக்கு நடுவில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். ஒருவன் காலை நீட்டி வழியை மறித்தான். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தாண்டி ஏறிவிட்டேன். திரும்பி இறங்க வேண்டுமே என்ற நினைப்பில் அன்று நடத்திய ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு ஜன்னலுக்கு வந்தார். "போனீங்களா அம்மணி? மொதல்ல உள்ள காலெடுத்து வெச்சப்ப என்ன நெனச்சீங்க?" நான் கோபமாகத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். நீட்டிய அந்தக் காலைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவர் உதடு லேசாக அசைந்தது. நான் பாதியில் நிறுத்திவிட்டேன். கண்ணைத் திறந்து, "சொல்லுங்க, சொல்லுங்க. அப்பறம் எப்பிடித் தாண்டுனீங்க?" என்றார். குரலில் அத்தனை பரிவு.

அதற்குப் பிறகு அந்த மேசையில் சொல்லப்படுகிற கதைகளை நான் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன். மணல் மேட்டுக்குப் பின்னால் இருந்த குளத்தை முதலில் பார்த்தது யார்? பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கப் போன பேக் எடுப்பவர். இடுப்பு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டார். இன்னொரு மைதானத்தில் நாய்க் கூட்டம். கடி வாங்கியது பேக் எடுப்பவரின் கெண்டைக்கால். வேறொரு இடத்தில் புதருக்குள் கதண்டுக் குளவிக் கூடு. முகம் வீங்கிப்போனது அவர்களில் ஒருவருக்கு. கதை சொல்லும்போது இதெல்லாம் சிரிப்பு வருகிற இடங்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத குழியாக இருந்தால் பேக் எடுப்பவர்தான் சிவப்புத் துணியோடு முன்னால் போய் மேடு ஏறி நின்று, வழி காலியாக இருக்கிறது, அடிக்கலாம் என்று வீசிக் காட்ட வேண்டும். கோல்ஃபில் அப்படித்தான். அதனால் அவர் சொல்லாமல் விட்டது எதுவாக இருந்தாலும், அது முதலில் சந்திப்பது பை தூக்குகிற ஆளை.

இது எனக்கு விளங்கிய சில வாரங்களில்தான் மலை எஸ்டேட் பேச்சு வந்தது.

சத்தியமங்கலம் தாண்டி, திம்பம் மலையேறிப் போனால் காட்டை ஒட்டி ஒரு தனியார் எஸ்டேட். முதலாளி தன் நண்பர்களுக்காகப் போட்ட ஒன்பது குழி மைதானம். அவர் அதை மேசைமேல் வரைந்தபோது ஜன்னலிலிருந்து நானும் பார்த்தேன். "யானைக் காடாச்சேங்க?" என்று பம்ப் கம்பெனிக்காரர் கேட்டார்.

"சுத்தியும் கரண்ட் வேலிங்க. வெளிய இருந்து ஒரு முசல்கூட உள்ள வராது" என்று மைதானத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னார். டாக்டர் மேசையைத் தட்டினார். போவது முடிவாகிவிட்டது. அவர்களிலேயே நாலு பேர். "பேக்குக்கு நம்ம அண்ணனக் கூட்டிட்டுப் போங்க" என்று அவர் கைகாட்டியது என் அப்பாவை.

கிளம்புவதற்கு முதல் நாள் அவர் ஜன்னலுக்கு வந்தபோது நான் கேட்டேன்.

"ஏனுங்க ஐயா, அந்த எஸ்டேட்டுல என்னங்க இருக்குது?"

"அட, அம்மணி! நீங்களே கேக்கறீங்களே. அப்பறம் அத்தன பேருக்கும் டிபன் வாங்கிக் குடுக்கோணும், பாத்துக்கோங்க."

"வாங்கிக் குடுக்கறனுங்க. சொல்லுங்க."

அவர் சிரித்தார். "உங்கப்பாரு நெதானமானவருங்க. பதற மாட்டாரு. அதுக்குத்தான் அவரையே போகச் சொன்னேன்."

"அப்ப நீங்களும் கூடப் போலாமில்லீங்க?"

"எனக்கு முழங்கால் வலிங்க அம்மணி. அது ஏத்தமான எடம்." அன்று காலையில்தான் பதினெட்டுக் குழியும் நடந்து ஆடிவிட்டு வந்திருந்தார்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "நீ பயப்படறயா, இல்ல எங்கள ஏமாத்தி ஆடச் சொல்றயா?" என்று சிரித்தார். வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "வேண்டாம்னா மறுக்கா எவன் கூப்புடுவான் கண்ணு? ஒரு நா ஆட்டம். போய்ட்டு வாரேன்" என்றார்.

சனிக்கிழமை விடிந்து பண்ணாரி செக்போஸ்ட் திறந்ததும் மேலே ஏறியவர்கள், அன்று அங்கேயே தங்கினார்கள். அப்பாவின் போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நாள் முழுக்க அதையே சொன்னது. ஞாயிறு பத்து மணிக்கு மேல் கார் கிளப்புக்குள் வந்து நின்று, அப்பா பைகளை இறக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பிட வேண்டும் என்ற நினைப்பே வந்தது.

அவர் ஏற்கனவே மேசையில் காத்திருந்தார். டம்ளர் ஓரமாக இருந்தது.

"ஏனுங்க, அட்டையத்தான சொல்லாம உட்டீங்க?" என்றார் டாக்டர். "கால் பூரா ரத்தம்."

"இல்லீங்க, மஞ்சு. ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல" என்றார் பம்ப் கம்பெனிக்காரர். "ஏழாவதுல பாருங்க, மேட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன முன்னால தாட்டி உட்டோம். போனவரு துணிய வீசவே இல்ல. நாங்க இந்தப் பக்கம் நின்னுட்டு அடிக்கலாமா அடிக்கலாமான்னு தொண்ட கிழியக் கத்தறோம். மனுசன் நின்னுட்டே தூங்கிப்போட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. "ஏழாவதுல வேற ஒண்ணும் பாக்கலீங்களா?" என்றார்.

"வேற என்னங்க?"

அவர் திரும்பி, பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க? மேட்டு மேல நின்னீங்களே. என்ன பாத்தீங்க?"

அப்பா துணியால் ஒரு மட்டையைத் துடைத்துக்கொண்டே, "மஞ்சு மூடியிருந்துச்சுங்க. ஒண்ணும் தெரீலீங்க" என்றார்.

அவர் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டில் சந்தகை ஆறிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக் குழாயடியில் கால் கழுவும்போது அப்பா தானாகச் சொன்னார். மேடு ஏறிக் கொஞ்சம் இறங்கியதும் மூங்கில் புதர் ஓரத்தில் ஒரு பாறை. துணியை வீசலாம் என்று கையைத் தூக்கும்போது பாறையின் காது அசைந்தது. ஒத்தைக் கொம்பன் யானை. வேலிக்கு உள்ளே. வாலின் மயிர் தெரிகிற தூரம்.

"கூப்பாடு போட்டா அது திரும்பும். துணிய வீசுனா அவங்க அடிப்பாங்க, பந்து வந்து அதுக்கு முன்னால உழுகும். நெஞ்சோட துணியப் புடிச்சுட்டு அப்பிடியே நின்னேன் சாமி. அதுவா நகந்து மூங்கிலுக்குள்ள போச்சு. பொறகுதான் வீசுனேன்."

"ஏனுங்கப்பா, அத அங்கயே சொல்லீருக்கலாமில்லீங்க?"

அப்பா குழாயை மூடினார். "சொன்னா அந்தாளு டம்ளர நவுத்தி வெச்சுட்டுக் கண்ண மூடிக்குவான். நான் பயந்தத அவன் உக்காந்து ருசி பாக்கோணுமா?"

அவரை அப்பா அவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆனால் அந்தச் சொல்லாத பேச்சு அவரைச் சும்மா விடவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றால் அது இன்னும் அங்கேயே இருக்கிறது. யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லத்தான் வேண்டும். அடுத்த ஞாயிறே திருப்பூரிலிருந்து வந்திருந்த பனியன் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேருக்கு மேசைமேல் எஸ்டேட்டை வரைந்துகொண்டிருந்தார். இந்த முறை ஏழாவது குழியை மட்டும் விரல் இரண்டு தடவை வரைந்தது.

"பேக்குக்கு அவரையே கூட்டிட்டுப் போங்க. எடம் பழகீருச்சு" என்று அப்பாவைக் கைகாட்டினார்.

பை வைக்கும் கொட்டகையில் அப்பாவோடு வேறு பலரும் நின்றிருந்தார்கள். அப்பா மறுக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அப்பாவே மறுத்தாலும் அவர்களில் இன்னொருவர் போவார் என்பதும் தெரியும். நான் எழுந்து ஜன்னல் கதவை முழுக்கத் திறந்தேன். கொட்டகை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அங்க வேலிக்கு உள்ளயே ஒத்த யானை நிக்குதுங்க. ஏழாவது குழிக்கு மேடு ஏறி எறங்கற எடத்துல. அதத்தான் இவரு சொல்லாம உடறாரு. முன்னால போறவங்க போனா திரும்பி வர முடியாது."

முதலில் பேசியவர் டாக்டர். "என்ன அம்மணி நீ! இப்பிடிச் சப்புன்னு பண்ணிப்போட்டயே!" அவர் குரலில் இருந்தது பயமில்லை, எரிச்சல். திருப்பூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பம்ப் கம்பெனிக்காரர் மட்டும் கையில் இருந்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, கொட்டகையில் நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் என்ன செய்வார் என்று நான் எதிர்பார்த்தேன்? மறுப்பார், கோபப்படுவார், செகரட்டரியைக் கூப்பிடுவார். அவர் நாற்காலியை என் ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"எந்தப் பக்கமுங்க அம்மணி?" என்றார் மெதுவாக. "மூங்கிலுக்கு இக்கட்டாலயா, அக்கட்டாலயா? நான் போனப்ப அக்கட்டால நின்னுச்சு. பக்கத்துல வந்துருச்சுங்களா?"

நான் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னலையும் சாத்தவில்லை.

கொட்டகையில் நின்றவர்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த மலைக்குப் பேக் எடுக்க எங்கள் கிளப்பில் ஒருவரும் வரவில்லை. கேட்டால், "கால் வலிங்க" என்றார்கள், எல்லோரும் அதே மரியாதையோடு. பை தூக்க ஆள் இல்லாமல் அந்த மனிதர்கள் மலை ஏறுவதாவது! பயணம் நின்றுபோனது. மெம்பர்கள் பேச்சில் தலையிடக் கூடாது என்று செகரட்டரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். உயிர் போகிற பேச்சு என்றால் மறுபடியும் தலையிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் என்மேல் வருத்தமே படவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரசீதை முன்போலவே இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொண்டு ஜன்னல் கட்டையில் கை வைத்துக் குனிந்து, "எந்தப் பக்கமுங்க அம்மணி? அத மட்டும் சொல்லீருங்க" என்பார். பசிக்கிற குழந்தை கேட்கிற மாதிரி இருக்கும். நான் சொன்னதே இல்லை.

பிறகு நான் தேர்வு எழுதி வங்கி வேலைக்கு வந்துவிட்டேன். அப்பாவையும் கிளப்பிலிருந்து நிறுத்திவிட்டேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்கிறார். அந்த மெம்பரைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் போனுக்கு ஒரு படம் வந்தது. பவானி ஆற்றங்கரையில் புதிதாகத் திறந்திருக்கும் கோல்ஃப் மைதானமாம். கீழே அவருடைய குரலில் ஒரு செய்தி. அதே மெதுவான குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"நல்லாருக்கீங்களா அம்மணி? பேங்க்குல இருக்கறதாக் கேள்விப்பட்டேன். நெம்ப சந்தோசமுங்க. இந்த எடம் அருமையான எடமுங்க. ஆடறதுக்கு இல்லீங்க, சும்மா விருந்தாளியா. ரூமெல்லாம் சொல்லிப்போட்டேன். உங்கப்பாரக் கூட்டிட்டு ஒரு நா போய்ட்டு வாங்க."

அத்தோடு செய்தி முடிந்தது. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லவில்லை. நான் இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். இல்லை.

படத்தைத் திறந்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, ஓரத்திலிருந்து ஓரம் வரை தேடினேன். வெட்டிவிட்ட புல், ஒரு கொடி, அதற்கு அப்பால் அசையாத தண்ணீர். இன்னும் பெரிதாக்கினேன். பச்சை கட்டம் கட்டமாக உடைந்துபோனது. அதற்குள் ஒன்றும் தெரியவில்லை.